கல்யாணக் களைக்கு ஒரு பாட்டில் ரத்தம்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொல்லவில்லை, நடந்து காட்டச் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். ஏதோ காதோடு கேட்கப் போகிறார் என்று குனிந்தேன். அவர் கட்டைவிரலால் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பிடித்து உள்ளே பார்த்தார். அந்த விரலில் காராபூந்தி எண்ணெய் இருந்தது. கண் எரிந்து நீர் வழிந்தது. துடைக்க விடாமல் மறு கண்ணையும் இழுத்துப் பார்த்தார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். ஒரு கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூவோடு நாக்கை நீட்டி நின்றதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"ரத்தமே இல்லையேம்மா, வெளிறிக் கிடக்கு" என்றார் என் அம்மாவிடம். என்னிடம் அல்ல. அம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் அவரே ஆறுதலும் சொன்னார். மற்றபடி பெண் பிடித்திருக்கிறதாம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றிவிட்டால் போதுமாம். அவருடைய மூத்த மருமகளும் அப்படித்தான் ஏற்றிக்கொண்டு வந்தாளாம், அதன் பிறகு அவள் முகத்தில் வந்த களையைப் பார்த்து அவர்கள் இருக்கும் குவார்ட்டர்ஸே பேசிக்கொண்டதாம்.

அம்மா உடனே தலையாட்டினாள். குத்துவிளக்கு, பித்தளைக் குடம், ஒரு பாட்டில் ரத்தம். சீர்வரிசையில் இன்னொன்று சேர்ந்தது, அவ்வளவுதான்.

இதை அந்த அம்மாள் கண்டுபிடித்தார் என்று நான் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்தில் எல்லோருக்குமே பாட்டில் மேல் ஒரு மோகம் இருந்தது. அம்பத்தூரிலிருந்து ஆவடி போகிற ரோட்டிலும் பூந்தமல்லிப் பக்கத்திலும் மாடி வீடுகள் ஒவ்வொன்றாக நர்சிங் ஹோம் ஆகிக்கொண்டிருந்த காலம். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் ஆளைப் பார்ப்பதற்கு முன் ஸ்டாண்டில் என்ன தொங்குகிறது என்று பார்ப்பார்கள். வெறும் தண்ணீர் போல் இருந்தால் சும்மா அசதி. மஞ்சளாக இருந்தால் சத்து மருந்து, பரவாயில்லை. சிவப்பாக இருந்தால் அந்த வீட்டுக்காரன் பெண்டாட்டியை நன்றாக வைத்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். குழாயடியில் பெண்கள் பிரசவக் கதை பேசும்போது, "எனக்கு ரெண்டு பாட்டில் ஏத்துனாங்க" என்று சொல்கிறவள் குரலில் மாங்காய் மாலை வாங்கியவளின் தோரணை இருக்கும். எதற்காக ஏற்றினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. சொல்லியதும் இல்லை.

நான் கேட்கக்கூடியவளாக இருந்தேன் என்பதுதான் சிக்கல். அண்ணனூரில் ரயில் நிறுத்தும் கார் ஷெட்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. நைனா என்று நான் கூப்பிடும் அப்பா, அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பை உருக்கி ஊற்றும் ஒரு வார்ப்படக் கம்பெனியில் வேலை பார்த்தார். அந்த எஸ்டேட் வருவதற்கு முன்னால் அதே நிலத்தில் அவருடைய அப்பா அம்மா கூலிக்கு நடவு நட்டவர்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். பி.எஸ்சி. முடித்தேன், பிறகு லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தேன், முகப்பேரில் ஹவுசிங் போர்டு பிளாட்டுகளுக்கு நடுவே ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். என் வெள்ளைக் கோட்டை நான் பையில் மடித்து வைத்ததே இல்லை. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கையில் போட்டுக்கொண்டுதான் ரயில் ஏறுவேன். யாராவது திமிர் என்று சொன்னால் சொல்லட்டும் என்று இருந்தேன். திமிர்தான்.

பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள் லேபில் என் விரலை நானே குத்தி ரத்தம் எடுத்தேன். அப்போதெல்லாம் மெஷின் கிடையாது. ஒரு சின்னக் குழாயில் ஆசிட் விட்டு, அதில் ரத்தத்தைக் கலந்தால் பழுப்பு நிறமாகும். பக்கத்தில் இருக்கும் கண்ணாடியின் நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்க்க வேண்டும். எந்தக் கோட்டில் நிறம் ஒத்துப்போகிறதோ அதுதான் ஹீமோகுளோபின். எனக்குப் பத்து வந்தது, பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். குறைவுதான். ஆனால் எங்கள் தெருவில் யாரைக் குத்திப் பார்த்தாலும் ஏறத்தாழ அதுதான் வரும்.

எங்கள் லேபுக்கு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட ஒரு டாக்டர் அம்மா வருவார். அவரிடம் காட்டினேன். பூச்சி மாத்திரை ஒன்று, இரும்புச்சத்து மாத்திரை மூன்று மாதம், தண்டவாளத்தோரம் ஒதுங்கப் போகும்போது காலில் செருப்பு. அவ்வளவுதான் அவர் சொன்னது. கொக்கிப் புழு வெறுங்கால் வழியாகத்தான் ஏறுகிறது, ஏறிய பிறகு குடலில் உட்கார்ந்து ரத்தத்தைக் குடிக்கிறது என்று நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். எங்கள் வீட்டில் கக்கூஸ் கிடையாது என்பதை அந்தப் பாடத்தோடு நான் ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. பாட்டில் ஏற்றச் சொல்கிறார்கள் என்றதும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ரத்தம் இன்னொருத்தரோட உடம்பும்மா. உயிர் போற இடத்துல கேட்கலாம். முகப்பூச்சுக்குக் கேட்கலாமா?"

வீட்டில் வந்து இதைச் சொன்னேன். கையில் ரிப்போர்ட் வைத்துக்கொண்டு, வாத்தியார் மாதிரி நின்றுகொண்டு சொன்னேன். ஒரு பாட்டில் ஏற்றினால் பத்து என்பது பதினொன்று ஆகும், அதை யாரும் முகத்தில் பார்க்க முடியாது. ஆனால் அந்த ரத்தத்தோடு மஞ்சள் காமாலை வரலாம், மலேரியா வரலாம், ரயிலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களே அந்தப் புது நோய் எய்ட்ஸும் வரலாம். ஏற்றும் முன் சோதித்துப் பார்க்கிறார்களா என்று யாருக்கும் தெரியாது.

அம்மாவின் தம்பிதான் இந்த வரனைக் கொண்டுவந்தவர். பழைய இரும்பு வாங்கி விற்பவர், எங்கள் குடும்பத்தில் எந்தக் காரியத்தையும் முடித்து வைக்கிறவர். நான் பேசி முடிக்கும் வரை பல் குத்திக்கொண்டிருந்தார்.

"மாத்திரை தின்னுகினு மூணு மாசம் நீ குந்திகினு இருப்ப. மாப்ள குந்திகினு இருப்பானா?" என்றார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "யக்கா, டாக்டர் ஏத்துறாரு, இவளுக்கு இன்னாவாம்? ரெண்டு டியூப்ப கழுவிட்டா டாக்டராயிடுவாளா?"

அம்மா சிரிக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்கு நான் பட்டம் வாங்கும் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, கையில் கொடுத்துக் காட்டியவள் அவள். என் பொண்ணு ரத்தத்தைப் பார்த்தே வியாதியைச் சொல்லிடுவா என்றவளும் அவள்தான். என் படிப்பு சுவரில் மாட்டக்கூடியது, வந்தவர்களுக்கு எடுத்துக் காட்டக்கூடியது. அதைக் கேட்டு நடக்க வேண்டும் என்பது வேறு விஷயம். நைனா மட்டும் ஒரு தடவை, "படிச்ச பொண்ணு சொல்லுது..." என்று ஆரம்பித்தார். அம்மா பார்த்த பார்வையில் அதை அங்கேயே விட்டுவிட்டார்.

அம்மாவின் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. மாப்பிள்ளைக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் வீடு. அம்மா அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வீட்டுக்குள்ளேயே குழாய், வீட்டுக்குள்ளேயே கக்கூஸ், கதவுக்குத் தாழ்ப்பாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கும் அந்த வீடு வேண்டும் என்றுதான் இருந்தது. மாப்பிள்ளை மேலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் அன்றைக்கு முழுக்கத் தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய அம்மா என் இமையை இழுத்தபோதும். பாட்டில் ஏற்றாவிட்டால் வரன் போய்விடும் என்று மாமா கறாராகச் சொன்னார். ஏற்றினால் யாருடையதோ, எதுவோ என் உடம்புக்குள் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். டாக்டரிடம் போவோம், ரிப்போர்ட்டைக் காட்டுவோம், பத்து என்று பார்த்தால் அவரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். டாக்டர் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். அவரும் என்னைப் போல் புத்தகம் படித்தவர்தானே. இப்படி நினைத்துத்தான் அம்மா, நைனா, மாமாவோடு கிளம்பினேன்.

பூந்தமல்லி போகிற வழியில் இருந்தது மாமா கூட்டிப்போன நர்சிங் ஹோம். முன்பு யாரோ குடியிருந்த வீடு. பூஜை அறையாக இருந்த இடத்தில் மருந்து அலமாரி, பெட்ரூம்களில் கட்டில்கள். டெட்டாலும் சாம்பாரும் கலந்து ஒரு வாடை. காலையிலேயே தாழ்வாரத்தில் மூன்று பேருக்குத் தண்ணீர் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒருவர் பாட்டிலோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பேப்பரில் மடித்த வடையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதே பேப்பரில் விரலைத் துடைத்துக்கொண்டு என் நகத்தை அழுத்திப் பார்த்தார். நான் பி.எஸ்சி. படித்து லேபில் வேலை பார்ப்பதை மாமா சொன்னார். "அப்படியா, படிச்ச பொண்ணா? அப்ப சொன்னா புரியும்" என்றார் டாக்டர் சந்தோஷமாக. நான் ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தேன். பார்த்தார். பார்த்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், பத்து என்று நான் எழுதிய இடத்தில் அவர் கண் நின்றது. பிறகு அதைத் திருப்பி என் பக்கமே தள்ளினார்.

"மாத்திரை போதும்னு சொன்னாங்க, சார்" என்றேன்.

"போதும்தான்" என்றார். "மாத்திரை எழுதிக் கொடுத்தா உங்க மாமா அடுத்த தெருவுல இருக்கிற டாக்டர்கிட்டப் போவார். அவர் ஏத்துவார். எங்க ஏத்தினா என்ன? ஒரு பாட்டில் போட்டா தக்காளி மாதிரி ஆயிடுவே."

மாமா பெரிதாகச் சிரித்தார். அம்மாவும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். டாக்டர் மறுபடி வடையை எடுத்தார். அந்த ஆளுக்குத் தெரியாது என்றால்கூட எனக்கு அவ்வளவு குமட்டியிருக்காது. எனக்குத் தெரிந்த அவ்வளவும், அதற்கு மேலும் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தின்றுகொண்டிருந்தார்.

ரத்தம் கொடுக்க வீட்டு ஆள் ஒருவர் வேண்டும், இல்லாவிட்டால் ஆளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் சொன்னார். காசுக்கு ரத்தம் கொடுக்கிற ஒருவரை மாமா முந்தினநாளே பார்த்து வைத்திருந்தார். தாழ்வார பெஞ்சில் ஒரு ஆள் டீயும் வாழைப்பழமுமாக உட்கார்ந்திருந்தார். மூன்று சக்கரச் சரக்கு வண்டியான மீன்பாடி வண்டி மிதிக்கிறவர் என்று மாமா சொன்னார். நாற்பது வயது என்றும் சொல்லலாம், அறுபது என்றும் சொல்லலாம். என்னை அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு மாமா உள்ளே போனார். அம்மாவும் நைனாவும் எதிர்ப் பக்கம் நின்றார்கள்.

"யாருக்கும்மா ரத்தம்? ஒங்கம்மாவுக்கா?" என்று கேட்டார் அந்த ஆள்.

"எனக்கு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத்தானே கீற. இன்னா ஆப்ரேசனு?"

"ஆபரேஷன் இல்ல. கல்யாணம்."

டம்ளர் வாய்க்குப் பக்கத்தில் நின்றது. "கல்யாணத்துக்கு இன்னாத்துக்கு ரத்தம்?"

"முகத்துல களை வரணுமாம்."

சிரிக்க ஆரம்பித்தவருக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "என் ரத்தத்துலயா? என் மூஞ்சியப் பாரு. அதுல களை இருந்தா நானே வச்சிக்க மாட்டனா?" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். உள்ளங்கை ரேகைகள் காகிதம் போல் வெளுத்திருந்தன. நகங்கள் தட்டையாகி நடுவில் குழிந்திருந்தன. முழங்கை மடிப்பில் ஊசித் தழும்பு மேல் தழும்பாகத் தோல் தடித்துப் போயிருந்தது. லேபில் தினமும் நூறு விரலைப் பிடித்தவளுக்குக் குழாயும் ஆசிட்டும் தேவைப்படவில்லை. என்னிடம் இருப்பதில் பாதிகூட அவரிடம் இருக்காது. கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டேன். போன வாரம் ஆவடியில் என்றார், அதற்கு முன்னால் இங்கேயேதான் என்றார், வேறு வேறு பெயர் சொன்னால் போதும், யாரும் கேட்பதில்லை என்றார். பிறகு கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "இந்த ரோடு பூரா என் ரத்தம் நடந்துகினு கீது."

அடியில் கொஞ்சமே மிஞ்சியிருக்கும் ஒரு குடத்தைச் சாய்த்து, முக்கால் நிறைந்திருக்கும் குடத்தில் ஊற்றப் போகிறோம். அதற்குப் பட்டுப்புடவை, அதற்கு மேளம், அதற்கு முகத்தில் களை. உள்ளே நர்ஸ் கண்ணாடி பாட்டிலை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. மாமா கதவைத் திறந்துகொண்டு வந்து, அந்த ஆளை எழுந்து வரச் சொல்லிக் கைகாட்டினார்.

நான் எழுந்து குறுக்கே நின்றேன். "மாமா, நீ குடு. நான் படுக்கிறேன்" என்றேன்.

"நானா?" மாமா தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார். ஆடு ஒன்றை ஒரே ஆளாகத் தூக்கித் தோளில் போடக்கூடிய கை அது. "நான் வெயிட்டு தூக்குறவன்மே. ஒடம்புல ரத்தம் எறங்கிச்சின்னா ஆம்பள அவ்ளோதான். அதான் ஆளு இட்டாந்து கீறேனே."

"அவரும் வெயிட்டு தூக்குறவர்தான்."

"தோ, என்னிய எதுக்கு இழுக்கறீங்க" என்றார் பெஞ்சில் இருந்தவர்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரைத் தாழ்த்தினார். மாமாவின் முகம் இறுகியது. எதிர்ப் பக்கத்தில் நைனா சட்டைக் கையை மடித்து மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். வந்து கையை நீட்டினார். அம்மா ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே தள்ளினாள். உலைக்கு முன்னால் நிற்கிற மனுஷன், கொடுத்துவிட்டு எப்படி வேலைக்குப் போவார், மயங்கி உள்ளே விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கத்தினாள். ரத்தம் எடுத்தால் என்ன ஆகும் என்பது அவர்கள் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. யாரிடமிருந்து எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது மறந்துபோனது.

"நைனா, கைய எறக்கு" என்றேன். "எனக்கு யார் ரத்தமும் வேணாம்."

டாக்டர் வெளியே வந்து, வேண்டாம் என்றால் இடத்தைக் காலி செய்யுங்கள், கட்டிலுக்கு வேறு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அந்த வண்டிக்காரருக்குத்தான் கோபம். நான் அவரைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குள் ஒரு நினைப்பு எழுந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் வாழைப்பழத் தோலைத் தரையில் எறிந்தார்.

"ஒனக்கு வேலை கீது, படிப்பு கீது. வேணாம்னு சொல்லிட்டு நீ பாட்டுக்குப் போயிகினே இருப்ப. இன்னிக்கி நான் இன்னாத்தத் துன்றது?"

மத்தியானம் ஒரு பிரசவ கேஸ் இருக்கிறது, இரு என்று நர்ஸ் அவரிடம் சொன்னார். அவர் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். நாங்கள் வாசலைத் தாண்டும்போது அவருக்கு இன்னொரு டீ வந்துகொண்டிருந்தது.

வாசலில் அம்மா என்னைப் பிடித்து நிறுத்தினாள். அழுதுகொண்டே பேரம் பேசினாள். ஏற்ற வேண்டாம், சரி. ஆனால் ஏற்றவில்லை என்று யாரிடமும் சொல்லக் கூடாது. அதற்குள் மாமா உள்ளே போய் ஒரு துண்டு பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்கி வந்துவிட்டார். என் முழங்கை மடிப்பில் அவரே ஒட்டினார். ஊசியே படாத தோலில், அழுத்தமாக, சுருக்கம் இல்லாமல், கவனமாக ஒட்டினார். அந்தக் கவனத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு துண்டு பிளாஸ்திரியால் அம்மாவுக்கு அந்தக் குழாயும் தாழ்ப்பாளும் கிடைக்கும் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா பூவும் பழமுமாக வந்தார். கூடவே அந்த மூத்த மருமகளும். அம்மா என்னை அரைக்கை ரவிக்கை போட வைத்து, பிளாஸ்திரி தெரிகிற மாதிரி தட்டை நீட்டச் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா முதலில் பிளாஸ்திரியைப் பார்த்தார். பிறகு என் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"பார்த்தீங்களா? நான் சொன்னேனா இல்லையா? முகம் எப்படித் தெளிஞ்சு போச்சு. கன்னத்துல ஒரு சிவப்பு ஓடுது பாருங்க."

கூடத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரிந்தது. ஏற்றவில்லை என்று தெரிந்த மாமாவுக்கும் தெரிந்தது. ஆமாம்மா, நல்ல தெளிச்சல் என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. அந்த அம்மாள் அதோடு நிற்கவில்லை. முகூர்த்தத்துக்கு முன்னால் இன்னொரு பாட்டிலும் போட்டுவிடுங்கள், போட்டோவில் இன்னும் எடுப்பாக விழும் என்றார்.

அதையும் நான் கேட்டுக்கொண்டு இருந்திருப்பேன். பெரியவர்கள் தாம்பூலத்துக்குத் திரும்பியபோது அந்த மூத்த மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் வயதுதான் இருக்கும். என் கையைத் தொட்டு, ரகசியம் மாதிரி கேட்டாள். "உங்களுக்குக் குளிர் வந்துச்சா? எனக்கு ஏத்தினப்போ பல்லு கிட்டிக்கிச்சு. ரெண்டு நாள் ஜுரம். கட்டிலே ஆடிச்சு."

"டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னோமே. குளிர் வந்தாத்தான் ரத்தம் ஏறுதுன்னு அர்த்தமாம். அத்தை எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாங்க."

அவள் முகத்தில் வருத்தம் இல்லை. எதையோ தாண்டி வந்தவள் அடுத்து வருகிறவளுக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னாள். சேராத ரத்தம் உடம்புக்குள் போனால் அப்படித்தான் நடுங்கும். அந்த நடுக்கத்திலேயே ஆள் போய்விடலாம். அவள் கட்டில் ஆடியபோது சுற்றி நின்று அவர்கள் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். நான் எழுந்து கூடத்தின் நடுவே போய், எல்லோரும் பார்க்க, பிளாஸ்திரியைப் பிய்த்து எடுத்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"ஏத்தல" என்றேன். "ஒரு சொட்டுக்கூட ஏத்தல. ஊசியே குத்தல. நல்லாப் பாருங்க."

மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாக என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் பிடித்த அதே தாடைதான், அதே கன்னம்தான்.

"அதானே பார்த்தேன்" என்றார். "இன்னும் வெளிறித்தான் இருக்கு."

ஏமாற்றப் பார்த்த குடும்பம் என்று சொல்லிவிட்டுப் பூவையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மூத்த மருமகள் வாசலில் திரும்பி ஒரு தரம் பார்த்தாள், அத்தை கூப்பிட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். மாமா ஆறு மாதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மா தெருவில் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி வைத்தாள். ஆனால் விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. குழாயடியில் பெண்கள் என்னைப் பார்த்து, ஒரு பாட்டில்தானே, ஏத்திக்கிட்டிருந்தா என்ன, பாவம் ஒங்கம்மா என்றார்கள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தே நடந்தேன்.

நான் மாத்திரையைச் சாப்பிட்டேன். வாய் கசந்தது, வெளிக்குக் கருப்பாகப் போனது, மூன்று மாதத்தில் பன்னிரண்டைத் தொட்டது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் அம்மா எனக்குச் சாப்பாடு கொடுக்க லேபுக்கு வந்தாள். மாடிப்படி ஏறி வந்தவள் பேச முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் அம்மா அன்றைக்கு இருந்தார். அவர் சொல்லி அம்மாவின் விரலை நான் குத்தினேன். ரத்தம் தண்ணீர் கலந்த மாதிரி வந்தது. தண்ணீர் சேர்க்கச் சேர்க்க நிறம் சீக்கிரமே ஒத்துப்போய்விட்டது. ஏழு.

டாக்டர் அம்மா நிறையக் கேட்டார். மாதாமாதம் எத்தனை துணி என்று கேட்டபோது அம்மா என்னை வெளியே போகச் சொன்னாள். வருஷக்கணக்காக மாதவிலக்கில் ரத்தம் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது என்று பிறகு டாக்டர் அம்மா என்னிடம் சொன்னார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்டதும் இல்லை, நான் உட்பட. பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் டாக்டரைப் பார்க்க எழுதிக் கொடுத்தார். நெஞ்சும் மூச்சும் உட்கார்ந்திருக்கும்போது சரியாகத்தான் இருக்கிறது, போகிற ரத்தத்தை நிறுத்த வேண்டும், அதோடு இதைச் சாப்பிட வேண்டும் என்று மாத்திரை கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டி, ஒனக்குப் பத்து. எனக்கு ஏழுதானே?"

"ஆமா."

"ஒனக்குன்னா ஒடனே பாட்டில் எடுத்தாங்க. எனக்கெல்லாம் போட மாட்டாங்களா?"

குரலில் கோபம் இல்லை. தனக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்காமல் போனதைப் பற்றி விசாரிக்கிற மாதிரி இருந்தது. ஏழுக்கும் வேண்டாம்மா, உனக்கு உயிருக்கு ஒன்றும் இல்லை, அதனால்தான் போடவில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவள் வேறு பக்கம் திரும்பிவிட்டாள். எனக்கு அந்தப் பஸ்ஸில் யாரைப் பிடித்து உலுக்குவது என்று தெரியவில்லை. மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் அதைப் பிரித்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"இவ்ளோதானா" என்றாள்.